எஸ்தர் அத்தைக்குக் கொடுத்த அப்பம்

ஞாயிற்றுக்கிழமை என்றால் எனக்கு முதலில் நினைவுக்கு வருவது ஆறிப்போன புளிக்குழம்பின் வாசனைதான். எங்கள் வில்லாபுரம் வீட்டில் அன்று அடுப்பு பற்றவைக்கக்கூடாது என்பதால், அம்மா சனிக்கிழமையே வைத்துவிடும் குழம்பு மறுநாள் மத்தியானம் கனத்த புளிப்போடு தட்டில் விழும். அப்பா சிம்மக்கல்லில் ஒரு மொத்தக் கடையில் சரக்கு கட்டுகிறவர். வாரமெல்லாம் மூட்டை தூக்கிய உடம்புக்கு ஓய்வாக இருக்க வேண்டிய அந்த நாள்தான் எங்களை அதிகம் களைக்கவைத்தது. பஸ் ஏறக்கூடாது, கடையில் எதுவும் வாங்கக்கூடாது, வாய்விட்டுச் சிரித்தால்கூட, "ஓய்வுநாளுத்தா" என்று அப்பாவின் முகம் சுருங்கும். வெள்ளிக்கிழமை உபவாசம் வேறு. எல்லாவற்றையும் கைக்கொண்ட பிறகும் அவர் ஜெபிக்கும் குரல், எதற்கோ பிடிபட்டவர் மன்னிப்புக் கேட்பது போலவே இருக்கும். "இம்புட்டும் பத்தாது" என்பார் அம்மாவிடம்.

அப்பாவுக்கு ஒரே தங்கை, எஸ்தர் அத்தை. குடித்துவிட்டு அடித்த புருஷனை விட்டு, பரவையில் காய்கறி வியாபாரம் செய்த முருகேசன் என்பவரோடு வாழப் போய்விட்டாள். சபை அவளை, அப்பமும் திராட்சரசமும் பகிரும் "ராப்போசன"த்திலிருந்து விலக்கியது. அப்பா அவள் பெயரையே வீட்டுப் பேச்சிலிருந்து விலக்கினார்.

நான் ஏழாவது படித்தபோது, ஒரு ஞாயிறு ஆராதனை முடிந்து நாங்கள் நடந்து வீடு திரும்பினால், வாசலில் முருகேசன் மாமா நின்றுகொண்டிருந்தார். உறவுமுறை சொல்லத் துணியாமல், "அண்ணே" என்றுதான் ஆரம்பித்தார்.

"அண்ணே, எஸ்தருக்கு ஆஸ்பத்திரியில கைவிரிச்சுட்டாக. ராப்போசனம் வேணும்னு கேக்குறா. உங்க போதகர்ட்ட போய் நின்னேன். என்னைய விட்டு வந்தாத்தான் தருவேன்னுட்டாரு. அதுக்கும் சரின்னுதான் நெனச்சேன், அவதான் எந்திரிக்க முடியாம கெடக்கா."

அப்பா அண்ணாந்து வெயிலைப் பார்த்தார். பிறகு, "நடந்து போனா பொழுது சாஞ்சிரும்" என்றார், யாரிடமோ போல. அதுவரை அவரை எதிர்த்து ஒரு சொல் சொல்லாத அம்மா, "அதுக்குள்ள அவ போயிருவா. நீங்க சுத்தமா இருந்துக்கங்க" என்று சொல்லிவிட்டு உள்ளே போய்விட்டாள்.

அப்பா என் கையைப் பிடித்துக்கொண்டு முருகேசன் மாமாவோடு டவுன் பஸ் ஏறினார். இரண்டு பஸ் மாறிப் பரவை போய்ச் சேரும்வரை அவர் உட்காரவே இல்லை; இடம் காலியாக இருந்தும் கம்பியைப் பிடித்தபடி வேர்த்துக்கொண்டு நின்றார்.

மார்க்கெட்டுக்குப் பின்னால், வெங்காய மூட்டைகளுக்கு நடுவே ஒற்றை அறை. அத்தை சின்னப்பிள்ளை அளவுக்குச் சுருங்கிக் கிடந்தாள். அப்பா வாசல்நிலையைத் தாண்டாமலே கேட்டார்: "மனந்திரும்புனியா எஸ்தரு?"

"திரும்பித் திரும்பி ஓஞ்சு போயிட்டேன்ணே. காட்டுறதுக்கு எங்கிட்ட ஒண்ணுமில்ல. ஆண்டவரு எனக்காக செத்தாருன்னு நம்புறேன். அதை மட்டும் விடல."

"பயமா இல்லையா?"

"எதுக்குண்ணே?"

அப்பா அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார். "அம்புட்டும் செஞ்சும் எனக்கு இந்தத் தைரியம் இல்லையே, தாயி" என்று அவர் அழுதது, மார்க்கெட் சந்தடியிலும் தனியாகக் கேட்டது. பிறகு எழுந்து போய், டீக்கடையில் ஒரு பன்னும் எதிர்ப்புறத்தில் ஒரு கொத்துத் திராட்சையும் வாங்கிவந்தார். சணல் கயிறு அறுத்துத் தழும்பேறிய விரல்களால் பழங்களை டம்ளரில் பிழிந்தார். போதகர் தவிர யாரும் தொடக்கூடாத காரியம். ஜெபம் சொல்லாமலே பன்னைப் பிட்டு, சாற்றில் நனைத்து அவள் வாயில் வைத்தார், தானும் தின்றார். வெளியே நின்ற முருகேசன் மாமாவைப் பார்த்து, "ஏன் மாப்ள வாசல்லயே நிக்கிறீக, உள்ள வாங்க" என்றார்.

செவ்வாய்க்கிழமை அத்தை இறந்துபோனாள். சபைக் கமிட்டி அப்பாவைக் கூப்பிட்டுக் கேட்டபோது, "செஞ்சது தப்புன்னா தப்புதான். ஆனா என் ஒழுக்கத்தைக் காட்டி ஆண்டவர் முன்னால நிக்க இனி என்னால ஆகாதுங்க" என்று மட்டும் சொன்னார். ஒரு வருஷம் அவருக்கும் ராப்போசனம் இல்லை. ஒரு வாரமும் தவறாமல் கடைசி பெஞ்சில் போய் உட்கார்ந்துவிட்டு வந்தார். அதன்பிறகு அவர் மகிழ்ச்சியானவராக மாறிவிட்டார் என்று சொன்னால் பொய். பழகிய கால் பழைய தடத்துக்கே போகும். ஆனால் ஜெபத்தில் அந்தப் பிடிபட்ட குரல் மட்டும் திரும்பி வரவில்லை.

பரவை வீடு இருந்த இடத்தில் இன்று ஒரு சரக்குக் கிட்டங்கி நிற்கிறது. முருகேசன் மாமாவும் போய்விட்டார். அப்பா கடைசியாக எட்டு மாதம் என் வீட்டில் படுக்கையில் இருந்தார். வேலையும் வீடும் அவர் படுக்கைத்துணியுமாக நான் ஓடிக்கொண்டிருந்த ஒரு மத்தியானம், அவர் கட்டிலருகே உட்கார்ந்து, "ஜெபம் பண்ணக்கூட எனக்குத் தெம்பு இல்லப்பா" என்றேன்.

"பண்ணாட்டி என்னத்தா. செத்த நேரம் தூங்கு. ஆண்டவரு முழிச்சுத்தான இருக்காரு."

அவர் போன பிறகு, அப்படிச் சொல்ல வீட்டில் ஆளில்லை. ஜெபிக்காத நாட்களில் அதை நானே எனக்குச் சொல்லிக்கொண்டு தூங்கப் பழகிவருகிறேன்.