நெக்லிஜிபிள்

கோப்பாயில் இருக்கும் நாங்கள் இருவரும் ஓய்வுபெற்ற ஆசிரியர்கள். நான் ஆங்கிலம் படிப்பித்தேன். மனைவி சின்ன வகுப்புகளுக்குப் படிப்பித்தாள். அவள் வாய்ப்பாடு சொல்லிக் கொடுத்தால் றோட்டில் பஸ்ஸுக்கு நிற்பவர்களுக்கும் கேட்கும்.

போன வருடம் அவளுடைய கழுத்தில் ஒரு கட்டி தெரிந்தது. தைரொயிட், வெட்டி எடுக்க வேண்டும் என்றார்கள். டொக்டர் எங்களை இருத்தி ஆறுதலாக விளக்கினார். குரலுக்குப் போகும் நரம்பு கட்டிக்குப் பக்கத்தில் இருக்கிறது, அது பாதிக்கப்பட்டால் குரல் போகலாம். "ஆனா உங்கடை கேசிலை அந்த றிஸ்க் நெக்லிஜிபிள், அம்மா."

வெளியே வந்ததும் மனைவி கேட்டாள்: "இஞ்சாருங்கோ, அந்தச் சொல்லுக்கு என்ன கருத்து?"

எத்தனையோ வகுப்புகளுக்குக் கருத்துச் சொன்ன சொல். "கணக்கிலை எடுக்கத் தேவையில்லாத அளவு சின்னது எண்டு கருத்து."

"ஆற்றை கணக்கிலை?"

"டொக்டர்மாற்றை கணக்கிலைதான்."

"அப்ப, இல்லை எண்டு சொல்லேலாதோ?"

"இருக்கு. ஆனா இல்லாத மாதிரி. நீர் பயப்பிடாதையும்."

ஒப்பரேசனில் கட்டி நல்லபடியாக வெளியே வந்தது. புற்றுநோயும் இல்லை. குரல்தான் திரும்பவில்லை. வாய் அசைந்தது, காற்று மட்டும் வந்தது. டொக்டர் கட்டிலடிக்கு வந்தார். "நரம்பைக் கண்டு, விலத்தித்தான் எடுத்தனான், ஐயா. இப்பிடி வாறது மிகக் குறைவு. பொறுத்துப் பாப்பம்." அவருடைய முகமும் வாடித்தான் இருந்தது. யாரையாவது ஏச முடிந்திருந்தால் எனக்குக் கொஞ்சம் ஆறியிருக்கும்.

பல மாதமாகக் குரல் பயிற்சிக்குக் கூட்டிக்கொண்டு போகிறேன். காற்றோடு இப்போது ஒரு சிறு கரகரப்புச் சேர்ந்திருக்கிறது, அவ்வளவுதான். நான் கிணற்றடியில் நின்றால், அவள் குசினி வாசலில் நின்று கரண்டியால் சட்டியில் தட்டுவாள். பதறி ஓடுவேன். தேங்காய் துருவித் தரச் சொல்லத்தான் கூப்பிட்டிருப்பாள்.

போன ஞாயிறு கனடாவிலிருந்து மகள் எடுத்தாள். மனைவி போனை வாங்கி ஏதோ நீளமாகச் சொன்னாள்.

"அம்மா, விளங்கேல்லை. இன்னொருக்காச் சொல்லுங்கோ."

திரும்பவும் சொன்னாள். பிறகு போனை என்னிடம் தந்துவிட்டு, என் காதுக்குக் கிட்ட வந்து சொன்னாள். எனக்கும் பாதிதான் பிடிபட்டது.

"சாப்பிட்டியோ எண்டு கேக்கிறா, பிள்ளை" என்றேன்.

மனைவி இல்லையென்று தலையை ஆட்டினாள். பிறகு, பரவாயில்லை, விடுங்கள் என்பதுபோலக் கையைக் காட்டிவிட்டு எழும்பிப் போனாள்.