எட்டாவது கட்டம்

கடலுக்குப் போகிறவனிடம் எப்போது வருவாய் என்று எங்கள் கரையில் கேட்கக் கூடாது. கேட்டால் அம்மா வாயிலேயே போடுவாள். என் அண்ணன் ஆழ்கடலில் சுறா பிடிக்கிற விசைப்படகில் இருந்தான். போனால் திரும்ப மாதக் கணக்காகும். கேட்காமல் இருக்க என்னால் முடியாது. அதற்கு நான் கண்டுபிடித்த குறுக்கு வழிதான் எட்டாவது கட்டம்.

சின்ன வயதில் மாமா துபாயிலிருந்து ஒரு டிவி கேம் கொண்டுவந்தார். அதில் மூன்று உயிருள்ள ஒரு வாள்வீரன், கோட்டையில் அடைபட்ட ராஜகுமாரி, வாசலில் தீ கக்கும் டிராகன். நானும் அண்ணனும் மாறி மாறி ஆடியும் அந்த டிராகனை ஒரு நாளும் தாண்டியதில்லை. அதற்குள் கரண்ட் போய்விடும். ஆரல்வாய்மொழியில் கரண்ட் எடுக்க அத்தனை காற்றாடி சுற்றியும் எங்கள் வீட்டில் ஒரு பல்பு எரியாது. அந்தக் கடுப்பில் நான் வரைய ஆரம்பித்தேன். ஒரு வெள்ளைத் தாளை மடித்தால் எட்டுக் கட்டம், ஒரு கதை. என் வீரன் வாளை இடுப்பில் செருகிக்கொண்டு ரேஷன் கடை வரிசையில் நிற்பான். ராஜகுமாரி கோட்டை ஜன்னல் வழியாக, "மண்ணெண்ணெய் கிட்டிச்சா இல்லியா?" என்று கத்துவாள். அண்ணன் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரிப்பான்.

அவன் கடலுக்குப் போகத் தொடங்கியபின் அந்தக் கதைகளை வயர்லெஸ்ஸில் வாசித்தேன். படகு முதலாளி வீட்டில் ஒரு செட் இருந்தது. எங்கள் குரல் அண்ணன் படகுவரை எட்டாது. நடுவில் நிற்கிற படகுகள் ஒன்றுக்கொன்று சொல்லிக் கடத்திவிடும். வீட்டில் குழந்தை பிறந்த சேதியும் இப்படித்தான் போகும், என் டிராகனும் இப்படித்தான் போனது. போகிற வழியில் ஆளுக்கொன்று சேர்த்துவிடுவார்கள். ஒருமுறை அண்ணனிடம் போய்ச் சேரும்போது டிராகன் ஆமையாகியிருந்தது. ஏழு கட்டம் வாசித்துவிட்டு நிறுத்துவேன். எட்டாவது கரைக்கு வந்தால்தான். "ஏட்டி, நீ நல்லா இருப்பியா?" என்று அவன் திட்டுவதும் படகு படகாகத் திரும்பி வரும். ஒவ்வொரு தடவையும் வந்திறங்கியதும், குளிப்பதற்கு முன்பே, தாளுக்குக் கையை நீட்டுவான்.

கடைசிக் கதையில் வீரனுக்கு ஓர் உயிர்தான் மிச்சம். ஏழாவது கட்டத்தில் டிராகன் அவன் முகத்துக்கு நேரே வாயைத் திறக்கிறது. அங்கே நிறுத்தினேன்.

இரண்டு நாள் கழித்துப் புயல் வந்தது. ஏற்கெனவே கடலில் இருந்தவர்களுக்கு யார் சொல்வது? முதலாளி வீடு நிறையப் பெண்கள், எல்லார் கையிலும் செபமாலை. வயர்லெஸ்ஸில் இரைச்சல். நடுவில் நின்ற ஒரு படகுக்காரரின் குரல் மட்டும் விட்டு விட்டு வந்தது. அண்ணன் படகு அவருக்குக் கேட்கிறதாம், எஞ்சினில் தண்ணீர் ஏறிவிட்டதாம். நான் மைக்கைப் பிடுங்கினேன். என்ன சொல்வது? தைரியமாக இரு என்றா? அந்த நேரத்தில் அவனுக்குக் கொடுக்க என்னிடம் அது ஒன்றுதான் இருந்தது.

"அண்ணனுக்கிட்ட சொல்லுங்க! எட்டாவது கட்டம்! டிராகன் வாயத் தெறந்து ஊதுது, தீ வரல்ல, புகைதான் வருது. 'கேஸ் தீந்துபோச்சு மக்கா, சிலிண்டருக்குச் சொல்லியும் இன்னும் வரல்ல, நீ உள்ள போ'ன்னு டிராகன் சொல்லுது. சொல்லுங்க!"

அழுதுகொண்டிருந்த ஒரு பெண் என் தோளைப் பிடித்து உலுக்கினாள். "பைத்தியமாட்டி ஒனக்கு?" ஆமாம், பைத்தியம்தான். அதையே திரும்பத் திரும்பக் கத்தினேன். பிறகு இரைச்சல்கூட நின்றுவிட்டது.

டிவிக்காரர்கள் வந்தார்கள், அதிகாரிகள் வந்தார்கள், எல்லோரும் காணாமல்போனவர்கள் எண்ணிக்கை கேட்டார்கள். எனக்கு எரிச்சலாக வந்தது. எனக்கு வேண்டியது ஒரே ஆள். அந்த நடுப்படகுக்காரர் மகாராஷ்டிராக் கரையில் ஒதுங்கி, வாரங்கள் கழித்து ஊர் வந்து சேர்ந்தார். நேராக எங்கள் வீட்டுக்கு வந்தார். அவர் உட்காரக்கூட விடாமல் கேட்டேன், "சொன்னீங்களா? சிரிச்சானா?"

அவர் என் முகத்தைப் பார்க்கவில்லை. "தொடங்குனேன் மக்கா. எட்டாவதுன்னு சொன்ன ஒடனே, 'அண்ணே, சொல்லாண்டாம். கரைக்கு வந்து பாத்துக்கிடுதேன்'னுட்டான். பின்ன சத்தமில்ல."

அம்மா அடுக்களை வாசலில் நின்று கேட்டுக்கொண்டிருந்தாள். இறங்கிக் கடற்கரைக்குப் போனாள். நான் பின்னாலேயே ஓடினேன். அலை காலை நனைக்கிற இடத்தில் நின்று, எங்களை ஒரு நாளும் கேட்கவிடாததைக் கடலைப் பார்த்துக் கேட்டாள்.

"மக்கா, நீ எப்பம் வருவ?"