வீட்டுக்கு முன்னால் அலிபிரி

கோபம் வந்தால் சுலோச்சனாவின் குரல் உயராது, தாழும். அவளை வேலைக்கு அனுப்புகிற ஏஜென்சிக்காரர்களுக்கு அது தெரியும். "வாய் கொஞ்சம் காரம், கை சுத்தம்" என்று நோயாளி வீட்டில் முதலிலேயே சொல்லிவிடுவார்கள். சித்தூருக்குத் தெற்கே, எல்லையோரத்துத் தமிழ் ஊரில், அடுத்தவர் நிலத்தில் வேர்க்கடலை பிடுங்கிக்கொண்டிருந்தவள் அவள். புருஷன் போன பிறகு சித்தூரில் ஒரு பயிற்சியில் சேர்ந்து, படுக்கையில் கிடப்பவரைப் புரட்டவும் புண் கட்டவும் சர்க்கரை பார்க்கவும் கற்றாள். அன்று முதல் திருப்பதியில் வீடு வீடாக அதுதான் பிழைப்பு.

அன்றைக்கு வெங்கடராகவனை அழைத்துவர ரேணிகுண்டா விமான நிலையத்துக்குப் போயிருந்தாள். அவர் மலைக்கோயில் மடப்பள்ளியில் லட்டு பிடித்து ஓய்வு பெற்றவர். சர்க்கரையால் கால் புண்ணாகி, ஹைதராபாத்தில் மகன் வீட்டில் தங்கி, இரண்டு கால்விரல்களை வெட்டி எடுத்த பிறகு மனைவி மரகதவல்லியோடு திரும்பினார். விமானம் வெகுநேரம் தாமதம். சக்கர நாற்காலியைத் தள்ளிவந்த பையன் டாக்ஸி அருகில் விட்டுவிட்டு அடுத்த ஆளைத் தேடி ஓடினான். சுலோச்சனாதான் அவரை அக்குளில் கை கொடுத்துத் தூக்கிப் பின்சீட்டில் உட்காரவைத்து, கட்டுப்போட்ட காலை நீட்டிவைத்தாள்.

"கொண்டக்கா அம்மா?" என்றார் டாக்ஸிக்கார எத்திராஜ். அங்கே எல்லா ஓட்டுநர்களும் கேட்பது அதுதான். மலைக்குப் போகாமல் ஊருக்குள் போக ஒருவர் விமானம் ஏறி வருவார் என்பதை அவர்கள் நம்புவதே இல்லை.

"மலைக்கில்லபா. டவுனுக்கு. கோவிந்தராஜர் கோயிலாண்ட," என்றாள் சுலோச்சனா.

"முதல்ல அலிபிரி," என்றாள் மரகதவல்லி. "அப்புறம்தான் ஆத்துக்கு. வெளியூர்ல சிகிச்சை முடிஞ்சு வந்தா, பெருமாள் பாதுகையைத் தலையில வச்சுண்டுதான் எங்காத்துல வாசப்படி மிதிப்போம்."

திருமலை அடிவாரத்து அலிபிரியில் அந்தப் பித்தளைப் பாதுகையைத் தலையில் சுமந்து சுற்றுகிறவர்களைச் சுலோச்சனா நிறையப் பார்த்திருக்கிறாள். அதில் அவளுக்கு ஆட்சேபம் இல்லை. வண்டி நகரத்தைப் பக்கத்தில் விட்டு, கரகம்பாடி சாலையில் திரும்பியது. முன்னால் யாத்திரை பஸ்கள் வரிசையாக ஊர்ந்தன.

ஏசி ஓடியும் அவர் பிடரி ஈரமாக இருப்பதைச் சற்றுப் பொறுத்துத்தான் கவனித்தாள். சட்டை முதுகோடு ஒட்டியிருந்தது. மடியில் கிடந்த விரல்கள் தாமாக நடுங்கின.

"சாமி, இன்னா துன்னீங்க காலைல?"

அவர் அவளை யாரோ போலப் பார்த்தார்.

"இன்சுலின் ஊசி வேளைக்குப் போட்டாச்சு," என்றாள் மரகதவல்லி, பெருமையாகவே. "கிளம்பறதுக்கு முன்னாடி நானே போட்டேன்."

"ஊசிய கேக்கல மாமி. அப்பறம் இன்னா துன்னாரு?"

"ஒண்ணும் இல்லை. பாதுகை தலையில படறவரைக்கும் ஆகாரம் கிடையாது. ஏரோப்ளேன்ல குடுத்ததைக்கூடத் தொடலை."

"சோறு இல்லன்னா ஊசி எதுக்கு போட்டீங்க?"

"ஊசி மருந்துன்னோ? அது விரதத்துல சேராது."

சுலோச்சனாவுக்கு உடம்பு முழுக்கப் பற்றிக்கொண்டு வந்தது. விரதத்தில் எது சேரும், எது சேராது என்று அரிசி, உளுந்து வரைக்கும் பிரித்து வைத்திருக்கிற குடும்பம். ஊசி உள்ளே போனதும் சோற்றைக் கேட்கும் என்பதை மட்டும் எவரும் காதில் வாங்கவில்லை. மகனும் விமானச் சீட்டு வாங்கியதோடு கடமை தீர்ந்தது என்று இருந்துவிட்டான்.

பையிலிருந்து மீட்டரை எடுத்து அவர் விரலைக் குத்தினாள். எண்ணைப் பார்த்ததும் குரல் தாழ்ந்தது. "எத்திராஜண்ணா, வண்டிய ஓரங்கட்டு."

தன் பாட்டில் தண்ணீரை டம்ளரில் ஊற்றிக் குளுக்கோஸைக் கலக்கி அவர் வாயருகே கொண்டுபோனாள். மரகதவல்லி குறுக்கே கை நீட்டினாள். "வெளி ஜலம் படப்படாது! அலிபிரி இதோ வந்துடுத்து, கொஞ்சம் பொறேன்!"

"அது வர்றதுக்குள்ள இவரு போய்டுவாரு மாமி."

அவரும் பல்லைக் கடித்துக்கொண்டார். சர்க்கரை இறங்கினவர்களுக்கு வருகிற முரட்டுத்தனம். ஓங்கித் தட்டினார். குளுக்கோஸ் டம்ளரோடு காலடியில் கொட்டியது. பொட்டலத்தில் மிச்சம் இல்லை. சாலையின் இரண்டு பக்கமும் கடை ஒன்றும் தெரியவில்லை. அவர் கண்கள் சொருகத் தொடங்கின.

டேஷ்போர்டில், சாமி படத்துக்குக் கீழே, தொன்னையில் ஒரு லட்டு இருந்தது.

"அண்ணா, அது மலை லட்டா?"

"காலைல எறக்கிவிட்ட பார்ட்டி குடுத்தாங்கக்கா. ஊட்டுக்கு எடுத்துக்கினு போலாம்னு..."

"குடு."

மரகதவல்லியின் வாய் திறந்து, அப்படியே மூடிக்கொண்டது. பிரசாதத்தை வேண்டாம் என்று சொல்ல அவள் குடும்பத்தில் யாருக்கும் நாக்கு வராது.

"சாமி, பிரசாதம்," என்றாள் சுலோச்சனா. மறுநிமிஷமே அவர் கை தானாகக் குழிந்து நீண்டது. தொண்டையில் சிக்கும் என்று முந்திரியையெல்லாம் பொறுக்கித் தன் மடியில் போட்டுக்கொண்டு, கற்கண்டையும் பூந்தியையும் நசுக்கி, நீர் தெளித்துக் கூழாக்கி, சிறிது சிறிதாக அவர் உள்கன்னத்தில் வைத்தாள். விழுங்குகிறாரா என்று தொண்டையைப் பார்த்துவிட்டுத்தான் அடுத்ததை வைத்தாள். பின்னால் வண்டிகள் ஹாரன் அடித்தன. எத்திராஜ் இறங்கிப்போய் அவர்களைத் தெலுங்கில் கிழித்தெடுத்தார்.

லட்டு பாதிக்கு மேல் தீர்ந்தபோது வெங்கடராகவன் மென்று பார்த்துவிட்டுக் கண்ணைச் சுருக்கினார்.

"இதுல முந்திரி எங்கே?"

மரகதவல்லி அழுதுவிட்டாள். சுலோச்சனா அழவில்லை. மீட்டரில் எண் ஏறியிருப்பதைப் பார்த்த பிறகுதான் மூச்சு விட்டாள்.

"ஹைதராபாத்துலயே பசிச்சுது," என்றார் அவர், குற்றம் செய்தவர்போல. "இவ மனசு கஷ்டப்படுமேன்னு சொல்லலை."

சுலோச்சனாவுக்கு இப்போது வந்த கோபத்துக்கு முன்னால் இதுவரை வந்ததெல்லாம் ஒன்றுமில்லை. "பசிக்கிதுன்னு ஒரு வார்த்த சொல்ல உங்களுக்கு இன்னா கேடு சாமி? விரல் போச்சு, பத்தலியா? இந்தம்மாவ தாலி அறுக்க வெக்கிறதுதான் அவங்க மனசு நோகாம பாத்துக்கிறதா?"

வண்டி மறுபடி கிளம்பியது. லீலாமஹால் சந்திப்பில் எத்திராஜ் கண்ணாடியில் பார்த்தார். "எங்கக்கா? அலிபிரியா, டவுனா?"

"ஊட்டுக்கு. துன்னுட்டு சாய்ந்தரம் எங்க வேணாலும் போவட்டும். பெருமாள் எங்கயும் ஓடிப்போவ மாட்டாரு."

வீட்டில் மரகதவல்லி சோறு வடித்து, குழையப் பிசைந்து, தயிர் ஊற்றினாள். அவர் தின்று முடிக்கும்வரை சுலோச்சனா எதிரிலேயே நின்றாள். தட்டை எடுக்கும்போது மரகதவல்லி முகத்தைத் திருப்பிக்கொண்டு சொன்னாள்: "நாளைக்கு வேற யாரையாவது அனுப்பச் சொல்றேன். உன் வாய் எங்களுக்கு ஒத்துக்காது."

"சொல்லுங்க. அதுக்கு முன்ன இத சொல்லுங்க. ஊசி போட்டா?"

மரகதவல்லி தட்டோடு அடுக்களைப் பக்கம் திரும்பினாள்.

"ஊசி போட்டா இன்னா மாமி? நீங்க சொல்லாம நான் படியெறங்க மாட்டேன்."

"...சோறு போடணும்."

"விரதம்னா?"

"டாக்டரைக் கேக்காம ஊசி போடப்படாது."

"இன்னொரு தபா."

கட்டிலிலிருந்து வெங்கடராகவன் முந்திக்கொண்டு அதையே ஒப்பித்தார். சுலோச்சனா பையை மாட்டிக்கொண்டாள். வாசலில் காத்திருந்த டாக்ஸியில் ஏறி, புடவைத் தலைப்பில் முடிந்திருந்த முந்திரியை அவிழ்த்தாள். எத்திராஜுக்குப் பாதியைக் கொடுத்தாள்.

"உள்ள பேசினது கேட்டுச்சு. நாளைக்கு வர மாட்டியாக்கா?"

"அவரே போன் பண்ணுவாரு பாரு," என்று முந்திரியை மென்றாள். குரல் இன்னும் தாழ்ந்துதான் இருந்தது.