பொய்மீன் தெரிந்தெடுத்த வசந்தம்

மீன்பிடிச் சாமான் விற்கும் கடைக்குள் நான் முதன்முதலாகக் கால் வைத்தபோது ஆறு மாதக் கர்ப்பிணி. கடைக்காரர் என் வயிற்றைப் பார்த்தார். பிறகு எனக்குப் பின்னால் நின்ற என் கணவரிடம், "சொல்லுங்கள் மெஸ்யு, என்ன வேண்டும்?" என்று கேட்டார். என் கணவருக்கு அப்போது பிரெஞ்சில் வணக்கமும் நன்றியும், வேலை செய்த உணவகத்தின் குசினியில் கேட்ட வசவுகளும் மட்டுமே தெரியும். அவர் என்னைக் கைகாட்டினார்.

"எனக்குத்தான் வேண்டும்," என்றேன்.

எண்பதுகளின் பிற்பகுதி அது. பாரிசின் லா ஷப்பலில் நாலாம் மாடியில் ஒற்றை அறையில் இருந்தோம். ஊழியர்கள் வருவதற்கு முன் அலுவலகங்களைத் துடைப்பது என் வேலை. ஓர் அலுவலகத்தில் ஒருவர் மாதாமாதம் ஒரு மீன்பிடிச் சஞ்சிகையைப் படித்துவிட்டுக் குப்பைக்கூடையில் போட்டுவிடுவார். முதலில் படங்களுக்காக எடுத்து வந்தேன். பிறகு அகராதியை வைத்துக்கொண்டு ஒவ்வொரு வரியாக வாசிக்கத் தொடங்கினேன். என் பிரெஞ்சில் பாதி அந்தக் கூடையிலிருந்து வந்தது. பல்வைத்தியரிடம் எந்தப் பல் நோகிறது என்று சொல்லத் தெரியாத நாட்களிலேயே செவுளுக்கும் செட்டைக்கும் எனக்குச் சொல் தெரியும்.

ஒரு சஞ்சிகையில் மரத்திலும் கெட்டியான பிளாஸ்டிக்கிலும் செய்த போலி மீன்களைப் பற்றி நீண்ட கட்டுரை வந்திருந்தது. பிரெஞ்சுக்காரர் அவற்றை 'நீந்தும் மீன்' என்பார்கள். நான் பொய்மீன் என்று பெயர் வைத்தேன். அமெரிக்காவின் கல்லாறுகளில் உள்ள சிறுவாய் பாஸ் என்ற மீனுக்கு வசந்தத்தில் எந்தப் பொய்மீனைத் தெரிந்தெடுப்பது என்பதுதான் கட்டுரை. வசந்தத்தில் வெயில் ஏறினாலும் தண்ணீருக்குக் குளிர் விட்டிருக்காது. மீன் சோம்பலாக இருக்கும். சிறியதைப் போடு, மெதுவாக இழு, இடையிடையே நிறுத்து. இவ்வளவுதான் சாரம். நான் மூன்று தரம் வாசித்தேன். அந்த மீன் எங்கள் பக்கத்தில் இல்லை. ஆனால் நாங்கள் போய்வரும் கால்வாயில் பேர்ஷ் என்ற மீன் இருந்தது. பச்சை உடம்பில் கறுப்பு வரிகளும் சிவந்த செட்டைகளும் முதுகில் முள்ளும் கொண்ட மீன். அதுவும் கல்லோரத்தில் நின்று குஞ்சு மீன்களைத் துரத்தித் தின்கிற சாதிதான்.

நகரத்தின் விளிம்பில் பந்தன் என்ற இடத்தின் பக்கம் போகும் அந்தக் கால்வாயின் பெயர் ஊர்க். பெயரைக் கேட்டதும் எங்கள் ஆட்கள் 'ஊர்க் கால்வாய்' என்று சொல்லிச் சிரிப்பார்கள். ஞாயிற்றுக்கிழமைகளில் என் கணவரும் அவருடைய நண்பர்கள் இருவரும் அங்கே தூண்டில் போடப் போவார்கள். அவர்களில் மூத்தவரை எல்லோரும் அண்ணை என்றுதான் கூப்பிட்டோம். நல்ல மனிதர். பாரிசுக்கு முதலில் வந்தவர் என்பதால் எதையும் முதலில் தெரிந்தவரும் தாமே என்று நினைப்பார். மண்புழுவும் பாண் உருண்டையும்தான் அவருடைய இரை.

நான் தேத்தண்ணிப் போத்தலோடு கூடப் போய்க் கரையில் இருப்பேன். சும்மா இருந்தால் கண் தண்ணீருக்குள் போகத்தானே செய்யும்? கல்மதிலோடு அந்த வரிமீன்கள் குஞ்சுகளைக் கலைப்பதையும், புழுவைக் கண்டால் திரும்பிப் போவதையும் பார்த்தேன். ஒரு நாள் சொல்லிவிட்டேன்.

"அண்ணை, அந்த வரிமீனுக்கு உங்கடை புழு வேண்டாமாம். அது குஞ்சு மீனைத்தான் கலைக்குது."

"தங்கச்சி, நீர் தேத்தண்ணியை ஊத்தும்," என்றார் அண்ணை.

மற்றவர்கள் சிரித்தார்கள். என் கணவரும் கொஞ்சம் சிரித்தார். நான் ஊற்றினேன். மூன்று கோப்பை ஊற்றி முடிப்பதற்குள் முடிவு செய்துவிட்டேன்.

உடனே தொடங்க முடியவில்லை. பெரிய வேட்டைமீன்கள் முட்டையிடும் காலம் என்று வசந்தத்தின் முற்பகுதியில் பொய்மீன் போடத் தடை. மே மாதத்தில்தான் நீங்கும். அதுவரை சட்டதிட்டங்கள் அச்சடித்த சின்னப் புத்தகத்தை ஓசியில் வாங்கி, அதையும் அகராதியோடு வாசித்தேன். தடை நீங்கிய கிழமையே கடைக்குப் போனேன்.

கடைக்காரர் மீன்பிடி அனுமதி அட்டையை எடுத்து, பேனாவைத் திறந்து, மறுபடியும் என் கணவரின் முகத்தைப் பார்த்தார்.

"என் பெயரை எழுதுங்கள்," என்றேன். எழுத்தெழுத்தாகச் சொன்னேன். புகைப்படமும் கையில் இருந்தது. அகதி விண்ணப்பத்துக்காக ஸ்டேசனில் காசு போட்டால் படமெடுக்கும் பெட்டியில் எடுத்த நாலு படங்களில் மூன்றைப் பிரெஃபெக்சூர் அலுவலகம் வாங்கிக்கொண்டது, மிஞ்சியது இது. எங்கள் விண்ணப்பம் எந்த மேசையில் கிடந்ததோ தெரியாது. இந்த அட்டை மட்டும் ஐந்து நிமிடத்தில் முத்திரையோடு கைக்கு வந்துவிட்டது. அன்று எனக்கு அது போதுமாக இருந்தது.

"மடாம், பெண்களுக்குப் புழுதான் சுகம்," என்றார் கடைக்காரர். எனக்கு வேண்டியது பொய்மீன் என்று நான் சொன்னதும் கண்ணாடி லாச்சியைத் திறந்து, சிவப்புத் தலையும் வெள்ளி உடம்பும் கொண்ட பெரிய ஒன்றை என் முன் வைத்தார். "எல்லாரும் வாங்குவது இதுதான்."

நான் அதைத் திருப்பிப் பார்த்தேன். என் உள்ளங்கையை விட நீளம். வாயின் கீழே நீட்டிக்கொண்டிருந்த தகடும் நீளம். தகடு நீண்டால் பொய்மீன் ஆழத்துக்கு முக்குளிக்கும். எங்கள் கால்வாயோ ஆழமில்லாதது. அடியில் சைக்கிளும் கட்டிலும் கிடக்கும்.

"இது வேண்டாம். விரல் நீளத்தில், குட்டைத் தகடு வைத்தது. மிதக்க வேண்டும். முதுகு மங்கல் பச்சை, வயிறு வெளிறியது."

"மங்கலா? மங்கலை மீன் எப்படிப் பார்க்கும்?"

"அந்தக் கால்வாயில் ஓடுகிற குஞ்சுகளும் மங்கல்தான். அவற்றைப் பார்க்கிறதே."

அவர் உதட்டைப் பிதுக்கினார். லாச்சியின் பின்மூலையிலிருந்து இரண்டை எடுத்தார். மேலே தூசி படிந்திருந்தது. "இரண்டு வருடமாக ஒருவரும் கேட்கவில்லை. பிறகு என்னைக் குறை சொல்லக்கூடாது."

"சொல்ல மாட்டேன். நான்தானே தெரிந்தெடுத்தேன்."

வெளியே வந்ததும் என் கணவர், "அந்தாள் கடை வைச்சிருக்கிறவன். அவனுக்குத் தெரியாதே?" என்று கேட்டார்.

"அவருக்கு விக்கத் தெரியும். அந்தத் தண்ணியை நான் ரெண்டு மாதமாப் பாத்தனான்."

அவர் பையை வாங்கிக்கொண்டார். அந்தக் கிழமை அவருடைய தூண்டில் தடிகளில் ஒன்றையும் புதுத் தங்கூசி நூலையும் என் பக்கத்தில் கொண்டுவந்து வைத்தார்.

குழந்தைக்கென்று அவர் முன்கூட்டியே வாங்கி வந்த பிளாஸ்டிக் குளிப்புத் தொட்டி கட்டிலுக்கு அடியில் இருந்தது. அதில் தண்ணீர் நிரப்பி இரண்டு பொய்மீன்களையும் நூலில் கட்டி இழுத்துப் பார்த்தேன். ஒன்று இடப்பக்கம் சரிந்து ஓடியது. நூல் கட்டும் வளையத்தைக் குறட்டால் ஒரு மயிரிழை வலப்பக்கம் வளைத்தேன், நேராக ஓடியது. மற்றது இழுப்பதை நிறுத்தியதும் தக்கை மாதிரி மேலே பாய்ந்தது. சோம்பல் மீனுக்கு அந்த அவசரம் ஆகாது. ரேடியோ திருத்தும் ஈயக் கம்பியைக் கொக்கியின் தண்டில் சுற்று சுற்றாகச் சுற்றி, ஒவ்வொரு சுற்றுக்கும் தொட்டியில் விட்டுப் பார்த்தேன். ஆறாவது சுற்றில் அது நிறுத்திய இடத்திலேயே தயங்கி நின்று, பிறகு மெல்ல மெல்ல எழும்பியது. எனக்கு வேண்டியது அதுதான்.

ஞாயிற்றுக்கிழமை கால்வாய்க் கரையில் நான் தடியை விரித்ததும் அண்ணை என்னைச் சுற்றி வந்து பார்த்தார்.

"என்ன தங்கச்சி, மரக்கட்டையை மீன் தின்னுமோ?"

"தின்னாட்டில் நான் கொண்டு போறன் அண்ணை."

அவர் குரலைத் தாழ்த்தினார். "பகிடி இல்லை. வயித்துப் பிள்ளையோட உயிர்க்கொலை செய்யக் கூடாது. சனம் என்ன கதைக்கும்?"

"போன கிழமை உங்கடை வீட்டை கோழி வெட்டித் தந்தனான். அப்ப ஒருத்தரும் என்ரை வயித்தைப் பாக்கேல்லையே அண்ணை. ருசியா இருக்கெண்டு சொன்னியள்."

மற்ற நண்பர் இருமினார். என் கணவர் தண்ணீரைப் பார்த்துக்கொண்டு நின்றார். ஆனால் அவருடைய தோள்கள் குலுங்குவது எனக்குத் தெரிந்தது. நான் அவர்களிடமிருந்து முப்பதடி தள்ளிப் போய் நின்றேன்.

முதல் மணித்தியாலம் ஒன்றுமில்லை. சரிந்து ஓடிய அந்தப் பொய்மீன் அடியில் ஏதோ இரும்பில் மாட்டித் தங்கூசியோடு அறுந்து போனது. "ஒண்டு முடிஞ்சுது!" என்று அண்ணை சத்தமாகச் சொன்னார். எனக்கு இடுப்பு நொந்தது. ஆனாலும் நான் உட்காரவில்லை. ஈயம் சுற்றியதைக் கட்டி, நடுவில் எறியாமல் கல்மதிலோடு ஒட்டி எறிந்தேன். மூன்று சுற்று இழுத்து நிறுத்தினேன். மனதுக்குள் ஐந்து எண்ணினேன். மறுபடி மூன்று சுற்று. இந்த முறை எட்டு வரை எண்ண நினைத்தேன். ஏழில் தடி வளைந்தது.

கரைக்கு வந்த பேர்ஷ் முதுகு முள்ளை விரித்துக்கொண்டு துடித்தது. நீளம் விரல்நுனியிலிருந்து என் முழங்கைக்குக் கொஞ்சம் குறைவு. அண்ணை எட்டிப் பார்த்து, "குருட்டு மீன்," என்றார். கால் மணித்தியாலத்தில் இன்னொன்று வந்தது. அவர் தன் கொக்கியில் புழுவை மாற்றிக் குத்தினார்.

இரண்டாவதை வாளியில் போட்டுக்கொண்டிருந்தபோது பாலத்தடியிலிருந்து சீருடைக்காரர் ஒருவர் வருவதைக் கண்டேன். மீன்பிடிக் காவலர். எங்கள் ஆட்களுக்குச் சீருடையில் பேதம் தெரியாது. சீருடை என்றால் விசா கேட்கிறவன். திரும்பிப் பார்த்தபோது மூவரின் தடிகளும் கரையில் அப்படியே கிடந்தன. அண்ணையும் மற்ற நண்பரும் பாலத்தின் மேல் ரயிலை வேடிக்கை பார்க்கிறவர்கள் மாதிரி நின்றார்கள். மூவரில் ஒருவரிடமும் மீன்பிடி அட்டை கிடையாது. என் கணவர் மட்டும் பாலத்துப் படிகளில் பாதியில் நின்றார், இறங்குவதா ஏறுவதா என்று.

நான் அசையவில்லை. ஓடவும் முடியாது, ஓட எனக்குக் காரணமும் இல்லை. அட்டையை நீட்டினேன். காவலர் படத்தையும் முகத்தையும் பார்த்தார். வாளியைப் பார்த்தார். பொய்மீனைக் கையில் எடுத்து ஈயச் சுற்றைத் தடவினார்.

"இதை யார் செய்து தந்தது?"

"நானே செய்தேன்."

"சரி. அங்கே கிடக்கும் தடிகள்?"

நான் எண்ணினேன். மூன்று. என் கையில் ஒன்று. சின்னப் புத்தகத்தின் அந்தப் பக்கம் கண்முன் வந்தது.

"அவையும் என்னுடையவை. இந்தத் தண்ணீரில் ஓர் அட்டைக்கு நாலு தூண்டில் வரை போடலாம்."

அவர் பாலத்தை நிமிர்ந்து பார்த்தார். மேலே நின்ற இருவரும் படியில் நின்ற என் கணவரும் ஒரே நேரத்தில் வேறு பக்கம் திரும்பினார்கள். காவலரின் மீசைக்குள் சிரிப்பு வந்து போனது.

"போடலாம்தான். ஆனால் நாலும் உங்கள் கைக்கெட்டும் தூரத்தில் இருக்க வேண்டும், மடாம்."

நான் போய் மூன்று தடிகளையும் ஒவ்வொன்றாகத் தூக்கி வந்து என் காலடியில் வைத்தேன். அவர் அதுவரை நின்று பார்த்தார். "நல்ல மீன்கள்," என்று சொல்லிவிட்டுப் போனார்.

அவர் மறைந்த பிறகு அண்ணை இறங்கி வந்தார். கொஞ்ச நேரம் தன் தடியைத் துடைத்துக்கொண்டிருந்தார்.

"தங்கச்சி, அடுத்த முறை கடைக்குப் போகேக்கை எனக்கும் அதிலை ஒண்டு வாங்கி வாரும்."

"மாட்டன் அண்ணை. நீங்கள் போய் உங்கடை பேரிலை அட்டை எடுங்கோ. பிறகு தண்ணியைப் பாத்து நீங்களே தெரிஞ்செடுங்கோ."

"அப்ப தேத்தண்ணியாவது இருக்கோ?"

"போத்தல் அந்தாலை கிடக்கு. ஊத்திக் குடியுங்கோ."

அவர் ஊற்றினார். முதற்கோப்பையை என்னிடம் நீட்டினார், வாங்கிக்கொண்டேன். அடுத்த மாதம் அவரும் மற்ற நண்பரும் அட்டை எடுத்தார்கள். என் கணவர் அதற்கு முன்பே எடுத்துவிட்டார்.

ஓகஸ்டில் மகள் பிறந்தாள். இனித் தூண்டில் பைத்தியம் நின்றுவிடும் என்று பார்க்க வந்த பெண்கள் சொன்னார்கள். ஒக்டோபரில் ஒரு நாள் கால்வாயைப் பார்க்கப் போனேன். தண்ணீர் நன்றாகத் தெளிந்திருந்தது. குஞ்சுகள் வளர்ந்து வெள்ளியாக மின்னின. மங்கல் பச்சை இனிச் சரிவராது. பிள்ளையை நெஞ்சோடு கட்டிக்கொண்டு, தனியாகக் கடைக்குப் போனேன்.