எண்ண முடியாத சோறு

முட்டைப் படத்துக்குக் கீழே மிஸ் ‘மெனி’ என்று எழுதினார். அரிசி மூட்டைப் படத்துக்குக் கீழே ‘மச்’. கண்டி மணிக்கூட்டுக் கோபுரத்துக்குப் பக்கத்துத் தெருவில், ஒரு துணிக்கடையின் மேல்மாடியில் நடந்த ஆங்கில வகுப்பு அது. நாடு முழுக்க எரிவாயுவுக்கும் பால்மாவுக்கும் வரிசையில் நின்ற காலம். வெறும் தேத்தண்ணியோடு வந்திருந்த நாங்கள், பலகையில் இருந்த வெண்ணெயையும் சீனியையும் வாழைப்பழத்தையும் எண்ணக்கூடியவை, எண்ண முடியாதவை என்று பிரித்துக்கொண்டிருந்தோம்.

எனக்குப் பக்கத்தில் உட்காரும் அக்கா, ஹேவாஹெட்டப் பக்கத்துத் தேயிலைத் தோட்டமொன்றிலிருந்து பஸ்ஸில் வருவார். கணவர் இறந்துவிட்டார், பள்ளிக்கூடம் போகும் ஒரே மகள். கொழுந்து பறிக்கிற சம்பளத்தில் அடுப்பு எரியாமல் போகவே, வளைகுடா நாடொன்றில் வீட்டு வேலைக்குப் போகத் தயாராகிக்கொண்டிருந்தார். நான் வந்தது ஹோட்டல் வேலைக்காக.

‘பிரெட்’ என்று எழுதி, பாணையும் எண்ண முடியாது என்று மிஸ் சொன்னபோது அக்கா கையைத் தூக்கினார். “அதெப்படி மிஸ்? கடையில ரெண்டு பாண் குடுங்கன்னுதானே கேக்குறோம்?”

“இங்கிலீஷ்ல பாணை எண்ண ஏலாதும்மா. துண்டைத்தான் எண்ணலாம்.”

அக்காவுக்கு அது வேடிக்கையாக இருந்தது. ஆனாலும் படிப்பை விடவில்லை. பஸ் நிலையத்தில் நிற்கும்போதெல்லாம், ‘மேடம், மே ஐ ஹேவ் சம் ரைஸ்?’ என்று என்னிடம் சொல்லிப் பார்ப்பார். ஏன் இதையே சொல்கிறீர்கள் என்று ஒருநாள் கேட்டேன். “ஊர் தெரியாத இடத்துல, பசின்னு கேக்கவாவது தெரியணும்ல?” என்றார்.

வளைகுடாவுக்குப் போன புதிதில் அக்கா அடிக்கடி குரல்பதிவு அனுப்பினார். பெரிய வீடு, நிறையப் பிள்ளைகள் என்றார். பிறகு பதிவுகள் குறைந்தன, குரலும் தாழ்ந்துபோனது. குளிர்சாதனப் பெட்டிக்குப் பூட்டுப் போட்டிருக்கிறார்கள் என்றார். ஒரு பதிவை நான் இன்னும் அழிக்கவில்லை. “தங்கச்சி, மிஸ் சொன்னது சரியில்ல. இங்க பாணையும் எண்ணுறாங்க, சோத்தையும் அளக்குறாங்க. நான் பிழையில்லாமத்தான் கேட்டேன், சம் ரைஸ்னு. மேடத்துக்கு விளங்காம இல்ல, நல்லா விளங்கிச்சு. நாளைக்குன்னு சொல்லிட்டுப் போயிட்டாங்க.”

ஒப்பந்தம் முடியும் முன்பே, நோயாளி வேண்டாம் என்று விமானம் ஏற்றி அனுப்பிவிட்டார்கள். கண்டி ஆஸ்பத்திரியில் போய்ப் பார்த்தபோது எனக்கு அடையாளமே தெரியவில்லை. வயிற்றுப் புண் முற்றிவிட்டதாம். கட்டிலருகே நின்ற மகள் கஞ்சியைக் கரண்டியால் ஊட்டப் பார்த்தாள். அக்கா வாயைத் திறந்தார், விழுங்க முடியவில்லை. கடைவாயில் வழிந்ததைத் துடைத்துவிட்டு, மகள் மறுபடியும் கரண்டியை நீட்டினாள். அந்த வாரமே அக்கா போய்விட்டார்.

இன்று நான் வேலை செய்யும் ஹோட்டலில், விருந்து முடிந்தபின் தட்டுத் தட்டாகச் சோற்றைக் கொட்டுகிறார்கள். கொட்டும் சத்தம் கேட்டால் அந்தப் பக்கம் திரும்பமாட்டேன்.

போன மாதம், பள்ளிக்கூடம் முடித்துவிட்ட அக்காவின் மகள் என்னைத் தேடி வந்தாள். வெளிநாடு போகப் பதிந்துவிட்டாளாம். இங்கிலீஷ் வகுப்பு எங்கே நடக்கிறது என்று கேட்டாள்.

“அம்மாவுக்கு நடந்ததைப் பாத்தும் போறியா?”

“இங்க இருந்து என்னத்த சாப்பிடுறது சித்தி?”

வகுப்புக்கு வழி சொன்னேன்.