காகத்துக்குக் காவல் வைத்துப் பிடித்த சங்கீதம்

ஒலிப்பதிவுக்காரனுக்கு முதல் எதிரி காகம். இரண்டாம் எதிரி, "நான் சத்தம் போடமாட்டன்" என்று சொல்லிக்கொண்டே உள்ளுக்கு வருகிற மனிதன். கலியாண வீட்டில் வாழ்த்துரையைப் பதியப் போய், பந்திக்கு ஆள் கூப்பிடுகிற சத்தத்தைப் பதிந்துகொண்டு வந்தவர்கள் உங்களில் யாராவது இருந்தால், நான் சொல்வது விளங்கும். அறுபதுகளின் தொடக்கத்தில் வவுனியாவில் எனக்கு ஒரு சவுண்ட் சேர்விஸ் கடை இருந்தது. கோயில் திருவிழாவுக்கு லவுட்ஸ்பீக்கர் கட்டுவதுதான் வேலை. கொழும்பில் ஒரு பதிவு மெசின் வாங்கி வந்த பிறகு, ஒலிப்பதிவும் செய்யப்படும் என்று போர்ட்டில் எழுதிவிட்டேன். அந்தப் போர்ட்டைப் பார்த்துத்தான் பிரெஞ்சுச் சுவாமி வந்தார்.

நெடுங்கேணிக்கு அங்கால், காட்டோரம் இருந்த கத்தோலிக்க மிசன் வீட்டுச் சுவாமி அவர். எங்கள் பக்கம் வந்து எத்தனையோ வருசம், எங்கள் தமிழைத்தான் பேசுவார். அவருடைய தமையன் பியானோவுக்கும் வயலினுக்கும் செலோவுக்குமாக ஒரு சங்கீதம் எழுதியிருக்கிறார். எழுதி முடிக்குமுன் முதலாம் உலக யுத்தத்துக்குப் பிடித்துக்கொண்டு போனார்கள். ஆள் திரும்பி வரவில்லை. அதற்குப் பிறகு அந்தச் சங்கீதத்தை ஒருத்தரும் வாசிக்கவில்லை. பிரான்சில் ஆள் இல்லையா என்று நீங்கள் கேட்பீர்கள். நானும் கேட்டேன். முடியாத சங்கீதத்துக்கு மினைக்கெட அங்கே ஒருவருக்கும் நேரமில்லையாம். தாய்க்கு வயது தொண்ணூறை நெருங்குகிறது, படுக்கையில் இருக்கிறா. மகன் பியானோவில் தட்டித் தட்டி எழுதியதைச் சுவருக்கு மற்றப் பக்கம் இருந்து கேட்டவ. மூன்றும் சேர்ந்து வாசித்து ஒருநாளும் கேட்டதில்லை. சுவாமி லீவில் கப்பல் ஏறும்போது அந்தப் பதிவைக் கையில் கொண்டுபோக வேண்டும், தாயும் அதுவரை உயிரோடு இருக்கவேண்டும். விசயம் இவ்வளவுதான்.

நாலு லவுட்ஸ்பீக்கர்

மூன்று பேர் கச்சேரி என்று சுவாமி சொன்னதும் நான் வழமைப்படி ஆயத்தமானேன். முதல்நாள் லொறியில் போய் இறங்கி, மிசன் வளவு மரங்களில் நாலு லவுட்ஸ்பீக்கரைக் கட்டினேன். ஒன்றை றோட்டுப் பக்கம் திருப்பி வைத்தேன், போகிற பஸ்சுக்கும் கேட்கட்டும் என்று. கச்சேரி என்றால் ஊருக்குக் கேட்க வேண்டும் அல்லவா? அதற்குத்தானே என்னைக் கூப்பிடுகிறார்கள்.

வயலின் வாசிக்க வந்தவர் குளக்கட்டு வேலைக்குப் பொறுப்பான பறங்கி இஞ்சினியர். பியானோவுக்கு, கன்னியர் மடத்தில் பிள்ளைகளுக்குச் சங்கீதம் படிப்பிக்கிற சிஸ்டர். செலோ சுவாமி. செலோ என்பது வயலினுக்குப் பெரியப்பா முறை. முழங்கால்களுக்கு நடுவில் நிறுத்தி வாசிப்பது. மூவரும் முற்றத்தில் நின்று மரத்தை அண்ணாந்து பார்த்தார்கள். இஞ்சினியர் சிரிப்பை அடக்கப் பெரும்பாடு பட்டார். சுவாமி சிரிக்கவில்லை. என் தோளில் கை வைத்துச் சொன்னார்: "தம்பி, ஊருக்குக் கேக்க வேண்டாம். ஒரு மனுசிக்குக் கேட்டால் காணும்."

வாய்க்காலுக்குள் எஞ்சின்

அங்கே மின்சாரம் கிடையாது, என் லைட் எஞ்சின்தான் கதி. அது ஓடினால்தான் பதிவு மெசினுக்கு உயிர் வரும். உயிரோடு சேர்ந்து அதன் டுக்டுக்கும் வரும். எஞ்சினைக் கிணற்றடிக்குத் தள்ளினேன், கேட்டது. வேலிக்கு அப்பால் தள்ளினேன், செலோவுக்குத் தாளம் போட்டது. கடைசியில் வயலுக்குப் போகிற காய்ந்த வாய்க்காலுக்குள் இறக்கி, சுற்றிவர மண்மூட்டை அடுக்கி, இரவல் வாங்கிய வயரை எல்லாம் முடிச்சுப் போட்டு இழுத்த பிறகுதான் அடங்கியது. இந்தக் கரைச்சலில் நாட்கள் போய்விட்டன. மாரி தொடங்கினால் பியானோக் கட்டைகள் ஊதிவிடும், கப்பலும் எங்களுக்காக நிற்காது. அந்த நினைப்பில் எனக்குச் சோறு இறங்கவில்லை.

வாய்க்கால் பார்க்க வந்த வயல்காரர் ஒருவர் மண்மூட்டையைப் பார்த்தார். பிறகு யன்னலுக்குள்ளால் என் மைக்கையும் பார்த்தார். "சத்தம் போடுற மெசினை ஒளிச்சு வைச்சிட்டு, சத்தம் பிடிக்கிற மெசினைக் கொலுவில வைச்சிருக்கிறியள். நடக்கட்டும், நடக்கட்டும்."

தெய்வானை அக்காவின் ஆட்சி

எஞ்சின் அடங்க, காகம் தொடங்கியது. சிஸ்டர் மெதுவாக ஒரு கட்டையைத் தொடுவா. புளியமரத்திலிருந்து மறுமொழி வரும். காகம் கலைக்கச் சுவாமி ஓர் ஆளைப் பிடித்துத் தந்தார். தெய்வானை அக்கா. வடமராட்சியிலிருந்து குடியேற்றத் திட்டத்துக்கு வந்து நெல் செய்கிற குடும்பம். சைவக்காரி, மிசன் படி ஏறமாட்டா. யன்னலுக்கு வெளியே கம்போடு குந்தியிருப்பா. வாய் திறக்காமல் காகம் கலைக்கத் தெரிந்த மனுசியை நான் அங்கேதான் கண்டேன். கம்பை ஒருதரம் தூக்குவா, மரம் வெறுமையாகிவிடும். மாட்டைத் தூரக் கட்டினா, சேவலைக் கூடையால் மூடினா. பதிவு நேரம் நான் தும்மினாலும் யன்னலால் ஒரு பார்வை வரும்.

முல்லைத்தீவிலிருந்து சைக்கிளில் புடைவை மூட்டை கட்டிக்கொண்டு வருகிற முஸ்லிம் யாவாரி ஒருவர், ஒருநாள் பெல் அடித்துக்கொண்டு அந்த வழியால் வந்துவிட்டார். அக்கா ஓடிப்போய்ப் பெல்லைக் கையால் பொத்திப் பிடித்தா. வளவு தாண்டும்வரை கையை எடுக்கவில்லை. அந்த மனிதரும் பாவம், சைக்கிளை உருட்டிக்கொண்டே இரகசியக் குரலில் கேட்டார்: "பெல் அடிக்காமல் நான் வந்ததை ஊருக்குள்ள எப்பிடி அறிவினம், அக்கா? சீலை வாசத்தை மணந்தோ பிடிப்பினம்?"

மூன்றாம் பகுதி

முதல் இரண்டு பகுதியையும் நாடாவை வெட்டியும் ஒட்டியும் ஒருவழியாக முடித்தோம். மூன்றாம் பகுதியைச் சுவாமி கடைசி நாளுக்கென்று வைத்திருந்தார். அதுவரை மிசன் வீட்டில் அதை வாசிக்க விடவில்லை, மடத்தில்தான் பழகினார்கள். என்னிடம் ஒன்று மட்டும் சொன்னார்: "நாங்கள் நிப்பாட்டினாப் பிறகும் மெசினை நிப்பாட்டாதை. நான் கை உயத்துமட்டும் ஓடட்டும்."

எனக்குச் சங்கீதம் தெரியாது. நாதஸ்வரம் நல்லாயிருக்கா இல்லையா என்று சொல்லுவேன், அவ்வளவுதான். ஆனால் அன்றைக்கு மெசினைப் பார்க்க மறந்து கேட்டுக்கொண்டிருந்தேன். வயலின் ஒன்றைக் கேட்கும், செலோ மறுமொழி சொல்லும், பியானோ இரண்டையும் கூட்டிக்கொண்டு நடக்கும். வேகம் எடுத்து, இதோ எங்கேயோ போய்ச் சேரப்போகிறது என்கிற நேரத்தில் நின்றுவிட்டது. தமையன் அந்த இடத்தில்தான் பேனையை வைத்துவிட்டு எழும்பிப் போயிருக்கிறார். வில்லுகள் தந்தியில் வைத்தபடி, சிஸ்டரின் கை கட்டையில் வைத்தபடி. ஒருவரும் அசையவில்லை. நாடா ஓடிக்கொண்டிருந்தது.

அந்த அமைதிக்குள், யன்னலுக்கு வெளியிலிருந்து, மெதுவாகவும் தெளிவாகவும் தெய்வானை அக்காவின் குரல் வந்தது. "ஏன் நிப்பாட்டிப் போட்டினம்?"

எனக்கு விசர் பிடித்ததுபோல ஆகிவிட்டது. காகத்துக்கு வைத்த காவலே கத்திவிட்டதே. நாடா வெட்டுகிற பிளேட்டை எடுத்துக்கொண்டு சுவாமியிடம் போனேன். ஒரு முழ நாடாவை வெட்டி ஒட்டினால் சரி, ஒருவருக்கும் தெரியாது என்றேன். அவருடைய கண் கலங்கியிருந்தது. "வெட்டாதை, தம்பி. இத்தினை வருசமா எங்கட வீட்டில ஒருத்தரும் வாய் திறந்து கேக்காததை அவா கேட்டிருக்கிறா."

மறுமொழி

கப்பலில் போன சுவாமி அடுத்த மாரிக்குத்தான் திரும்பி வந்தார். கடைக்கு வந்து கதிரையில் இருந்ததும் நான் கேட்டது, அம்மா இருந்தாவா என்பதுதான். இருந்தா என்றார். தாய் கண்ணை மூடிக்கொண்டு முழுக்கக் கேட்டிருக்கிறா. மூன்றாம் பகுதி நின்ற இடத்தில், அது தனக்குத் தெரிந்த இடம் என்பதுபோலத் தலையை ஆட்டியிருக்கிறா. பிறகு அந்தக் குரல். கண்ணைத் திறந்து, யார் அது, என்ன கேட்கிறா என்று விசாரித்திருக்கிறா. சுவாமி பிரெஞ்சில் சொன்னார். தாய் அந்த இடத்தைத் திரும்பவும் போடச் சொல்லி, விளங்காத பாசையில் அதைக் கேட்டுவிட்டு, அந்தப் பெண்ணுக்கென்று ஒரு சொல் சொல்லி அனுப்பினா. தாயை அடக்கம் செய்த பிறகுதான் சுவாமி திரும்பக் கப்பல் ஏறினார்.

அந்தச் சொல்லைக் கொடுக்க நானும் சுவாமியோடு போனேன். வயலில் புல்லுப் பிடுங்கிக்கொண்டு நின்ற தெய்வானை அக்கா எங்களைக் கண்டு வரம்புக்கு ஏறி வந்தா. அன்றைய குற்றத்துக்கு விசாரணை என்று நினைத்தாவோ என்னவோ, "தெரியாமல் வாய் விட்டிட்டன், சுவாமி," என்று தொடங்கினா. சுவாமி தலையை ஆட்டி மறுத்துவிட்டு, தாய் சொன்னதை அப்படியே சொன்னார்: "'எனக்கும் தெரியாது எண்டு அவாவுக்குச் சொல்லு.'"

அக்கா சேற்றுக் கையைச் சீலையில் துடைத்தா. பிறகு சுவாமியின் முகத்தைப் பார்த்துக் கேட்டா: "பெத்தவவுக்கே தெரியாதெண்டால், பிறகு ஆரைக் கேக்கிறது, சுவாமி?"

இத்தனை வருசத் தொழிலில் எத்தனையோ முழ நாடாவை வெட்டி எறிந்த எனக்கு, உருப்படியாகச் செய்த வேலை என்று சொல்ல இருப்பது அந்த ஒரு முழத்தை வெட்டாமல் விட்டதுதான், அதுவும் நானாக விட்டதில்லை.