பாக்கியம் டீச்சரும் மத்தியான அட்டெண்டன்ஸும்

பாக்கியம் டீச்சர் போய்விட்டார். நேற்று காலை, பெரியகுளத்தில், மகன் வீட்டில்.

பழைய ஆசிரியர்கள் வாட்ஸ்அப் குரூப்பில் விடிந்ததிலிருந்து பூவும் கும்பிட்ட கையுமாக வந்துகொண்டே இருக்கிறது. ஒருவர் "நேர்மையின் மறுபெயர்" என்று போட்டிருக்கிறார்.

அதை எழுதியவர் அன்றைக்கு என்ன செய்தார் என்று எனக்குத் தெரியும். நான் என்ன செய்தேன் என்றும் தெரியும்.

எழுபதுகளின் கடைசி. ஓடைப்பட்டிப் பக்கம் ஒரு யூனியன் ஸ்கூல். ஹெட்மாஸ்டரோடு சேர்த்து ஐந்து பேர். ஐந்தாம் வகுப்புக்குப் பாக்கியம் டீச்சர். மூன்றாம் வகுப்புக்கு நான், எல்லோரையும்விட ஜூனியர், வீட்டில் ஆறு மாசக் குழந்தை.

அட்டெண்டன்ஸ் ரிஜிஸ்டரில் காலையில் ஒரு சாய்கோடு போட வேண்டும், மத்தியானம் எதிர்ப்பக்கமாக இன்னொன்று. ரெண்டும் சேர்ந்தால் பெருக்கல் குறி, முழு நாள் வந்த கணக்கு.

எங்கள் ஸ்கூலில் ரெண்டு கோட்டையும் காலை பத்து மணிக்கே போட்டுவிடுவோம். வருகை ஆவரேஜ் குறைந்தால் ஒரு டீச்சர் போஸ்ட் போய்விடும் என்ற பயம். பாக்கியம் டீச்சர் ஒரு கோடுதான் போடுவார். மற்றதை ஹெட்மாஸ்டர் தன் பேனாவாலேயே போட்டு முடித்துவிடுவார்.

டீச்சர் சண்டை போடவில்லை. எண்ண ஆரம்பித்தார்.

தினமும் ரெண்டரை மணிக்கு சாக்பீஸ் கேட்கிற சாக்கில் ஒவ்வொரு வகுப்பாக வந்து தலையை எண்ணி, யார் யார் இல்லை என்று பார்த்துவிட்டுப் போவார். பழைய காலண்டர் தாளின் பின்பக்கம் கட்டம் போட்டு, வராத பிள்ளைக்குச் சிவப்புப் பென்சிலில் ஒரு புள்ளி. ஜூனில் தொடங்கி டிசம்பர் வரை ஒரு நாள் விடவில்லை. "இந்தம்மாவுக்கு வேற வேலையில்லையா" என்று நாங்கள் சிரித்திருக்கிறோம். நானும்தான்.

புள்ளியெல்லாம் பொம்பளைப் பிள்ளைகள் பெயருக்கு நேராக இருந்தது. காலையில் வருவார்கள், சாப்பிடுவார்கள், அப்புறம் ஆளைக் காணோம். ஆனால் நடுவில் ஒரு வாரம் மட்டும் ஒரு புள்ளிகூட இல்லை.

டீச்சர் தன் வகுப்புப் பேச்சியைக் கூப்பிட்டுக் கேட்டார். "ஏத்தா, அந்த வாரம் மட்டும் எப்படி அம்புட்டுப் பேரும் மத்தியானம் உக்காந்திருந்தீக?"

"மோட்டார்ல காயில் எரிஞ்சு போச்சுல்ல டீச்சர். அந்த வாரம் பைப்புல தண்ணி வரல."

அவ்வளவுதான் விஷயம். ஊர்ப் பைப்பில் மத்தியானம் ரெண்டு மணிக்குத் தண்ணீர் விடுவார்கள். அம்மாக்கள் எல்லாம் திராட்சைத் தோட்டத்தில் வேலைக்குப் போயிருப்பார்கள். குடத்தைத் தூக்குவது இந்தப் பிள்ளைகள்தான்.

டீச்சர் பஞ்சாயத்துத் தலைவரிடம் போனார். கூட நானும் போனேன். "நாலரைக்கு விடச் சொல்லுங்க, போதும். ஒரு பைசா செலவில்ல."

"பள்ளிக்கூடத்துக்குத் தக்கன ஊரு தண்ணி பிடிக்கணுமாக்கும்? மேல இருந்து எழுதி வாங்கிட்டு வாங்க, பாப்பம்."

அதனால்தான் ஜனவரியில் இன்ஸ்பெக்டர் வந்தபோது டீச்சர் அந்தத் தாளை அவர் மேசையில் விரித்தார். அவர் ரிஜிஸ்டரைப் பார்த்தார், தாளைப் பார்த்தார். தண்ணீரைப் பற்றி ஒரு வார்த்தை கேட்கவில்லை.

"ரெண்டுல ஒண்ணு பொய். எதும்மா பொய்?"

"ரிஜிஸ்டர்தான் சார்."

மறுநாளே ஹெட்மாஸ்டர் ஒரு ஸ்டேட்மென்ட் எழுதிக்கொண்டு வந்தார். ரிஜிஸ்டரில் உள்ளதே உண்மை, அந்தத் தாள் டீச்சர் சொந்தமாக ஜோடித்தது என்று. குரூப்பில் இன்று "நேர்மையின் மறுபெயர்" என்று எழுதியவர் ஹெட்மாஸ்டருக்கு அடுத்து ரெண்டாவது கையெழுத்து. நான் தயங்கினேன்.

"போஸ்ட் போச்சுன்னா மொதல்ல போறது நீங்கதான் டீச்சர். கைப்பிள்ளையத் தூக்கிக்கிட்டு எங்கன போவீக?" என்றார் ஹெட்மாஸ்டர்.

போட்டேன். பயம்தான், வேறென்ன... ஆனால் யாரும் என் கையைப் பிடித்துப் போடவைக்கவில்லை.

பத்தே நாளில் டீச்சருக்கு மலையடிவாரத்துக்கு டிரான்ஸ்பர். ஒரு நாளைக்கு ஒரு பஸ் போகிற ஊர். கிளம்பும்போது என்னிடம், "பிள்ளைக்கு இருமல் தேவலையா?" என்று மட்டும் கேட்டார்.

ஐந்தாம் வகுப்பை என்னிடம் கொடுத்தார்கள். ரிஜிஸ்டரின் அட்டை கிழிந்திருந்தது. இன்ஸ்பெக்டர் மேசையிலேயே விட்டுப்போன டீச்சருடைய தாளையே ஹெட்மாஸ்டர் மடித்து, புள்ளியெல்லாம் உள்பக்கம் வரும்படி அட்டை போட்டுத் தந்தார். அந்த ரிஜிஸ்டரை விரித்துவைத்துத்தான் தினமும் பத்து மணிக்கு ரெண்டு கோடும் போட்டேன்.

அந்த வருஷம் முழுப்பரீட்சைக்குப் பேச்சி வரவில்லை. "குடத்தையும் தூக்கிட்டுப் படிக்கவும் செய்யின்னா எப்படி டீச்சர்?" என்றாள் அவள் அம்மா. ரிஜிஸ்டர்படி பேச்சி அந்த வருஷம் ஒரு மத்தியானம்கூட லீவு போட்டதில்லை.

ரொம்ப வருஷம் கழித்துத் தேனியில் ஒரு கல்யாணப் பந்தியில் டீச்சர் என் பக்கத்து இலையில் வந்து உட்கார்ந்தார். மன்னிப்புக் கேட்க மனசுக்குள் எத்தனையோ தடவை சொல்லிப் பார்த்து வைத்திருந்தேன். அப்பளத்தை நொறுக்கிக்கொண்டிருந்தேன், டீச்சர்தான் கேட்டார்.

"இன்னும் அங்கனதான் இருக்கியா?"

"இல்ல டீச்சர். போன வருசம்தான் மாறுனேன்."

"தண்ணி இப்ப எத்தன மணிக்கு விடுறாக?"

"தெரியல டீச்சர்" என்று சொல்லிவிட்டு இலையைப் பார்த்துக் குனிந்துகொண்டேன். தெரியும்.

போயிட்டு வாங்க டீச்சர். நான் மாறி வர்ற வரைக்கும் ரெண்டு மணிக்குத்தான் விட்டாக.